பிரபாவின் பார்சல்கள்

கிடர்பூர் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் தெருவில், ஒரு கிளியரிங் ஏஜென்ட்டின் மாடி ஆபீஸில் பிரபா வேலை பார்த்தாள். கப்பலில் வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். அதற்கான காகிதங்களை அடிப்பது அவள் வேலை. முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். நாள் முழுக்க கன்டெய்னர் நம்பர்கள். ஒரு எண் பிசகினாலும் பெட்டி யார்டிலேயே கிடக்கும், வாடகை ஏறும், முதலாளி கத்துவார். அதனால் நம்பரை ஒருமுறை பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு காகிதத்தைப் பார்க்காமலே அடிக்கப் பழகியிருந்தாள். அப்படி வாங்கிய நம்பர் லேசில் மறக்காது. ஆபீஸில் இதைப் பெரிய சாமர்த்தியம் என்பார்கள். பிரபா சிரித்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுப்பாள்.

கல்கத்தாவுக்கு அவர்கள் வந்தது தொண்ணூற்றொன்றில். கணவர் பத்மநாபனுக்கு ஹவுரா பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கணக்குப் பிரிவுக்கு மாற்றல். லேக் கார்டன்ஸில் ரயில் கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் முதல் மாடி வீடு. மகள் மஹிமா அப்போது மூன்றாம் வகுப்பு. நாலு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்தவர்கள், மஹிமாவுக்குத் தமிழைவிட வங்காளி நன்றாக வர ஆரம்பித்தபோது திரும்புகிற பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் பிரபா ஒன்றும் செலவாளி இல்லை. மதிய சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பெண்களோடு ஃபேன்ஸி மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்று போய் வருவாள். வெளிநாட்டு சென்ட், வாக்மேன், பீங்கான் கோப்பைகள், ஜப்பான் புடவை என்று சின்னச் சின்னக் கடைகளில் குவிந்து கிடக்கும். எடுத்துப் பார்ப்பாள், விலை கேட்பாள், பாதிக்குக் கேட்பாள், கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், இவளும் திரும்பி வந்துவிடுவாள். அப்படியே விலை படிந்தாலும், மாலையில் அதைத் தூக்கிக்கொண்டு மினிபஸ்ஸில் ஏற வேண்டும். மாஜேர்ஹாட் பாலம் தாண்டும்வரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அந்தக் கோப்பைகளா என்று நினைத்துப் பார்த்தாலே பாதி ஆசை அடங்கிவிடும். மீதி ஆசை வீட்டுப் படி ஏறும்போது அடங்கும். வருஷத்துக்கு ஒருமுறை துர்கா பூஜை போனஸில் ஏதாவது ஒன்று வாங்குவாள். அந்த ஒன்றைப் பற்றி ஒரு மாசம் பேசுவாள்.

இரண்டாயிரத்து நாலில், மார்கழிக் குளிரில் ஒரு நாள் காலை, பத்மநாபன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலது பக்கம் போனது போனதுதான். கால் ஓரளவு திரும்பியது, கை திரும்பவில்லை. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைக்க வேண்டியிருந்தது. கொஞ்ச காலம் மருத்துவ விடுப்பு, அப்புறம் முன்கூட்டியே ஓய்வு. பிறகு கூடத்தில் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி, எதிரே டிவி. தபன் என்ற பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் சில நாள் காலையில் வந்து கையையும் விரல்களையும் நீட்டி மடக்கிவிட்டுப் போவார். அடுத்த வருஷம் மஹிமா பூனாவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

அதன்பிறகு பிரபாவின் நாள் இப்படித்தான் இருந்தது. விடியுமுன் எழுந்து சமையல். கணவருக்குக் குளியல், மருந்து. பஸ். நம்பர்கள். பஸ். மீன் மார்க்கெட் வாசனையைத் தாண்டி வந்து காய்கறி. படி. மறுபடி சமையல், மருந்து. யாரும் அவளிடம் எதையும் கடுமையாகச் சொல்லவில்லை. பத்மநாபன் நல்ல மனிதர். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும், "வந்துட்டியா" என்ற ஒரு வார்த்தைக்கே அவர் படுகிற பாட்டைப் பார்த்து, மேற்கொண்டு பேச்சுக் கொடுக்க அவளுக்கு மனம் வராது. அவரும் அப்படியே நினைத்துப் பேசாமல் இருப்பார். டிவி பேசும்.

மஹிமா தன் அறையில் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போயிருந்தாள். நெட் கனெக்‌ஷனையும் எடுக்க விடவில்லை. "மா, மெயில் பண்ணு. போனைவிட சீப்," என்றாள். மெயில் பார்க்கத்தான் பிரபா அதன் முன் உட்கார ஆரம்பித்தாள். பூனா போனபின் மஹிமாவுக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது, நெட்டிலேயே ஒரு கேக்கும் சல்வார் துணியும் அனுப்பலாம் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்கள். பேங்க்காரர்கள் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போன கிரெடிட் கார்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, நம்பரை அடித்து, பயந்து பயந்து ஒரு பொத்தானை அழுத்தினாள். இரண்டு நாளில் மஹிமா போனில் அழுதாள். "மா, கேக் வந்திருக்கு. என் பேர் எழுதி வந்திருக்கு." பிரபாவுக்கு நம்பவே முடியவில்லை. பஸ் இல்லை, படி இல்லை, தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பூனா வரைக்கும் கை நீண்டிருக்கிறது.

தனக்கென்று முதலில் வாங்கியது ஒரு காய்கறி வெட்டும் கருவி. இழுத்தால் வெங்காயம் பொடிப்பொடியாகிவிடும் என்று படத்தில் காட்டியிருந்தார்கள். காலையில் கால் மணி நேரம் மிச்சமாகுமே என்று நினைத்தாள். அது வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. கீழே சந்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர், "பிரபா பத்மநாபன்," என்று முழுப் பெயரையும் உரக்கக் கூப்பிட்டார். அந்த ஊரில் அவளை மஹிமாவின் அம்மா என்பார்கள், ஆபீஸில் அக்கா என்கிற மாதிரி பிரபா-தி என்பார்கள். இப்படி முழுப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஓடிப்போய் இறங்கினாள். கூரியர்காரர் பெயர் நிர்மல். தலை நரைத்த மனிதர். "பௌதி, பார்சல் ஆச்சே," என்று நீட்டினார். பார்சல் இருக்கிறது என்று அர்த்தம், பௌதி என்றால் அண்ணி. அன்றிலிருந்து அவள் அவருக்குப் பௌதி.

அந்தக் கருவி வெங்காயத்தைக் கூழாக்கியது. கழுவுவதற்கே கால் மணி நேரம் ஆனது. அது மேல் தட்டுக்குப் போனது. ஆனால் அதற்குள் கால் வலிக்கு ஒரு மசாஜர் பார்த்து வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு எது எப்போது வந்தது என்று அவளுக்கே வரிசை சொல்லத் தெரியாது. சப்பாத்தியை அமுக்கினால் வட்டமாக வருகிற இயந்திரம். துணியை இஸ்திரி போடாமல் நீராவியில் சுருக்கம் எடுக்கிற குழாய். இருந்த இடத்திலேயே நடக்கிற பலகை. தையல் மிஷின், கையளவு. வாட்டர்கலர் பெட்டி. யோகா பாய். காலையில் பத்து நிமிஷத்தில் இட்லிக்கு அரைத்துவிடும் மிக்ஸி. ஒவ்வொன்றையும் படத்தில் பார்க்கும்போது, அதைப் பயன்படுத்துகிற ஒரு பெண்ணும் கூடவே தெரிவாள். அவள் களைத்திருக்க மாட்டாள். தலை வாரியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படம் வரைவாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் பிரபா வாங்கினாள். பார்சல் வந்ததும் அந்தப் பெண் வரமாட்டாள், பார்சல் மட்டும்தான் வரும். அது மஹிமாவின் அறையில் போய் உட்காரும்.

சில மாதங்களில் அவள் பெட்டிகளைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள். பிரித்தால் எடுத்து வைக்க வேண்டும், எடுத்து வைத்தால் துடைக்க வேண்டும். அதற்குத் தெம்பில்லை. ஆனால் மாலையில் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்ததும் கம்ப்யூட்டர் முன் உட்காராமல் இருக்க முடியவில்லை. படங்களைத் தள்ளிக்கொண்டே போவாள். எதையும் தேடுவதில்லை. கை ஓரிடத்தில் நிற்கும். அழுத்துவாள். சந்தோஷம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு மூச்சு வெளியே போகும், அவ்வளவுதான்.

கார்டு பில்லுக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினாள். வட்டி என்ன கணக்கில் ஏறுகிறது என்று பார்க்கவில்லை. நாள் முழுக்க எண்களைப் பிசகாமல் அடிக்கிறவள், அந்த ஒரு காகிதத்தை மட்டும் மடித்தபடியே டப்பாவில் போட்டாள்.

குறைந்தபட்சத் தொகையே கையைக் கடிக்க ஆரம்பித்த மாதம்தான் அவள் தபனை நிறுத்தினாள்.

கீழே சந்தில் வைத்து அவரிடம் சொன்னாள், கொஞ்சம் முடையாக இருக்கிறது, அடுத்த மாதம் கூப்பிடுகிறேன் என்று. தபன் தலையாட்டிவிட்டுப் போனார். மேலே வந்து கணவரிடம் வேறு மாதிரி சொன்னாள்.

"டாக்டர் சொல்லிட்டாருங்க. இனிமே நீங்களா செஞ்சா போதுமாம்."

பத்மநாபன் அவளைப் பார்த்தார். "சரி," என்றார்.

அடுத்த மாதம் வந்தது, போனது. அவள் தபனைக் கூப்பிடவில்லை. ஆனால் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலுக்கு அவள் கண்ட மருந்து இன்னொரு பார்சல்தான். கையால் அமுக்கி அமுக்கிப் பயிற்சி செய்கிற ஸ்பிரிங் பிடி ஒன்று. அதோடு விரல்களுக்கு ரப்பர் பந்துகள். வந்த அன்றே பிரித்து அவர் மடியில் வைத்தாள். அவள் பிரித்த பார்சல் அந்த வருஷத்திலேயே அது ஒன்றுதான்.

பத்மநாபன் இடது கையால் அந்தப் பிடியை எடுத்து வலது கைக்குள் செருகினார். அமுக்கிப் பார்த்தார். ஸ்பிரிங் அசையவில்லை. கை மட்டும் நடுங்கியது. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"பிரபா. உக்காரு."

"அடுப்புல பால் இருக்குங்க."

"அணைச்சிட்டு வா."

அவள் போய் அணைத்துவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை.

"நேத்து தபனுக்கு... போன் பண்ணேன்," என்றார் பத்மநாபன்.

"நீங்களா?"

"இடது கையாலதான். நாலு தடவை... தப்பா போச்சு. அப்புறம் கிடைச்சான்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "டாக்டர் ஒண்ணும் சொல்லல. நீதான் நிறுத்தச் சொன்னியாம்."

பிரபா அப்போது உட்கார்ந்தாள்.

"உள் ரூம்ல என்ன இருக்குன்னு... எனக்குத் தெரியும்," என்றார். "நீ ஆபீஸ் போனப்புறம் நடப்பேன். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு. அந்த ரூம் கதவு வரைக்கும் போயிட்டு... திரும்பிடுவேன். முன்னெல்லாம் கட்டில் வரைக்கும் போவேன். இப்போ வழி இல்ல."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கறதுக்கும் தெம்பு வேணும்ல." அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது. "உனக்கு ஏதோ ஒரு சந்தோஷம்னு விட்டுட்டேன். சந்தோஷமா இருக்கியா?"

கீழே ரயில் கேட்டை மூடுகிற மணி அடித்து, ஒரு லோக்கல் வண்டி போய், கேட் திறந்தது.

"இல்லீங்க," என்றாள். "பிரிச்சுப் பாக்கக்கூட தோண மாட்டேங்குது. ஆனா வரும்னு ஒண்ணு இருந்தாத்தான் ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு வர கால் எழுந்திருக்குது. என்ன சொல்றதுன்னு தெரியல. உங்க கைக்குக் குடுக்க வேண்டியதை எடுத்து இதுக்குக் கட்டிட்டேன். அது தெரிஞ்சேதான் செஞ்சேன்."

பத்மநாபன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "தபனை வரச் சொல்லு," என்று மட்டும் சொன்னார். "மீதியை அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் மாலை பிரபா வீட்டுக்குப் போகாமல் நேராக லேக் மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே அப்பளம், வடாம், காப்பிப் பொடி விற்கிற கடை சாவித்ரியுடையது. இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே பழக்கம். பிரபா கைப்பையிலிருந்து கார்டை எடுத்து எடைத்தராசின் மேல் வைத்தாள்.

"அக்கா, இதை நீ வச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத."

சாவித்ரி கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "உன் சொத்து. நீ கேட்டா குடுக்காம எப்படிடி இருக்கறது?"

"குடுக்காத. அழுதாலும் குடுக்காத."

சாவித்ரி கார்டைப் பெருங்காய டப்பாவுக்குள் போட்டு மூடினாள். "யாரும் தேடாத இடம் இதுதான்," என்றாள். அரைக் கிலோ காப்பிப் பொடியைக் கட்டிக் கொடுத்துக் காசு வாங்கவில்லை.

ஒரு வாரம் நன்றாகப் போனது. மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் பிரபா இரண்டு தடவை தரையைத் துடைத்தாள். தபன் மறுபடி வர ஆரம்பித்தார். அதற்கடுத்த வாரம் ஆபீஸில் ஒரு பெரிய தகராறு. யாரோ தப்பாகக் கொடுத்த காகிதத்துக்கு முதலாளி எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். பஸ்ஸில் மழை ஒழுகியது. வீட்டுக்கு வந்து, வேலையெல்லாம் முடித்து, சும்மா மெயில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள். மஹிமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பக்கத்திலேயே படுக்கை விரிப்புகள், பாதி விலை. வெளிர் நீலத்தில் சின்னப் பூக்கள். அழுத்தினாள். கார்டு நம்பர் கேட்டது. அவள் விரல்கள் நிற்கவே இல்லை. பதினாறு எண்களும், பின்பக்கத்து மூன்று எண்களும், காலாவதித் தேதியும் கன்டெய்னர் நம்பர் மாதிரி தாமாக விழுந்தன. நன்றி என்று திரையில் எழுத்து வந்த பிறகுதான், கார்டு பெருங்காய டப்பாவுக்குள் இருக்கிறது என்பது அவள் நினைவுக்கு வந்தது.

நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. கார்டை ஒளித்து வைக்கலாம், கிழித்துப் போடலாம். விரலை என்ன செய்வது?

மறுநாள் அரை நாள் லீவு போட்டாள். மூடத்தான் கேட்கிறேன் என்று சொல்லி சாவித்ரியிடம் கார்டை வாங்கிக்கொண்டு ராஷ்பிஹாரி முனையில் இருந்த பேங்குக்குப் போனாள். கோட் போட்ட ஒரு சின்னப் பெண் வணக்கம் சொல்லி உட்கார வைத்தாள். கார்டை மூட வேண்டும் என்று பிரபா சொன்னதும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"மேடம், பாக்கி முழுசும் கட்டினாத்தான் மூட முடியும். ஆனா உங்க ரெக்கார்டு ரொம்ப நல்லா இருக்கு. ஒரு மாசம்கூடத் தவறினதில்லை. லிமிட்டை இரண்டு மடங்காக்கி கோல்டு கார்டு தரலாம்."

"வேணாம்மா."

"ஃப்ரீதான் மேடம்."

பிரபாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "எனக்கு இந்த நம்பர் மனப்பாடமாயிடுச்சு," என்றாள். "அதுதான் கஷ்டம். நம்பரையாவது மாத்திக் குடு."

"கார்டு தொலைஞ்சு போனாத்தான் நம்பர் மாறும் மேடம்."

"அப்போ தொலைஞ்சு போச்சுன்னு வச்சுக்கோ."

"கையிலயே வச்சிருக்கீங்களே."

பிரபா கார்டை மேஜையின் குறுக்கே அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அதை எடுத்தாள். பெருங்காய வாசனையில் மூக்கைச் சுளித்தாள். பிரபாவின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து இரண்டாக வெட்டினாள்.

"தொலைஞ்சு போச்சுன்னே போட்டு, புது நம்பர்ல அனுப்பச் சொல்றேன்," என்றாள். "வீட்டுக்கு வரும்."

வீட்டில் பிரபா எல்லாவற்றையும் சொன்னாள். பத்மநாபன் கேட்டுக்கொண்டிருந்தார். தன் பேரில் இருந்த ஒரு டெபாசிட்டை உடைத்து பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டிவிடலாம் என்றார். மருந்து வாங்கவும், மஹிமாவுக்கு ரயில் டிக்கெட் எடுக்கவும் கார்டு இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் தன்னிடம் இருக்கட்டும் என்றார்.

"கம்ப்யூட்டரை... இங்க கொண்டுவந்து வை. கூடத்துல. நம்பரை நான் அடிக்கறேன். நீ திரும்பி நில்லு."

"உங்களால முடியுமா?"

"எவ்வளவு நேரம் ஆனா என்ன? எனக்கு வேற வேலை இருக்கா?"

புது கார்டை நிர்மல்தான் கொண்டுவந்தார். பத்மநாபனே கதவைத் திறந்து வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பிரபா அதைப் பார்க்கவில்லை.

முதல் சோதனை தை மாதக் குளிரில் வந்தது. ரூம் ஹீட்டர் ஒன்று வேண்டும் என்றாள். கால் விறைத்துப் போகிறது, உங்களுக்கும் நல்லது என்றாள். பத்மநாபன் சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இடது கையால் அடித்திருக்கலாம். ஆனால் தபன் எதற்கும் வலது கையைப் பழக்கச் சொல்லியிருந்தார். அவர் வலது மணிக்கட்டை இடது கையால் தூக்கி, ஆள்காட்டி விரலைக் கீபோர்டின் மேல் கொண்டுவந்து, குறிபார்த்து இறக்கினார். ஒரு எண் விழுந்தது. அடுத்த எண் இரண்டு தடவை விழுந்தது. அழித்தார். பிரபா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கால் மாற்றி நின்றாள். போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்தாள். அவர் பாதியில் இருக்கும்போதே திரை, நேரமாகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்கவும் என்று சொல்லிவிட்டது.

"விடுங்க," என்றாள் பிரபா. "சால்வை இருக்கே."

"இரு. பிடி கிடைச்சிருச்சு."

"எனக்கு வேணாம்னு சொல்றேன்ல."

"எனக்கு வேணும்," என்றார் பத்மநாபன். நெற்றியில் வியர்வை. "ஒரு தடவையாவது... முழுசா அடிக்கணும்."

அன்று அவர் முழுதாக அடித்தார். கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை. அவள் வேண்டாம் என்றாளே.

எல்லா நாளும் அப்படி நல்லபடியாக முடியவில்லை. ஒரு மாலை அவள் பொறுமை இழந்து, "குடுங்க அந்தக் கார்டை, உங்க விரல் வந்து சேர்றதுக்குள்ள விடிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டாள். அவர் தலையணையைத் தூக்கிக் காட்டினார். அவள் எடுத்து, நம்பர் மனதில் பதிந்துவிடக்கூடாது என்பதற்காக அரைக்கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்து, ஒரு கைப்பை வாங்கினாள். வந்தபோது அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி நிர்மலிடமே கொடுத்துவிட்டாள். இன்னொரு சமயம் நெட்டை விட்டுவிட்டு கரியாஹாட் நடைபாதையில் மூன்று குடை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். மூன்றையும் பார்த்து பத்மநாபன், "மழை பலமோ?" என்றார். அதற்கு மட்டும் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் மாதத்துக்கு மாதம் குறைந்தது. ஆசை வருவது குறைந்ததா, அதைச் சொல்லி, காத்திருந்து, விரலைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சலிப்பாக இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

பூஜைக்கு மஹிமா வருகிறேன் என்று எழுதியபோது அந்த அறையைக் காலி பண்ண வேண்டியிருந்தது. பெட்டிகளைப் பிரிக்க ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். சிலவற்றின் உள்ளே என்ன இருக்கும் என்பதே பிரபாவுக்கு ஞாபகம் இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு மூலையில் இதெல்லாம் ஏற்கனவே இருந்தது. மிக்ஸியை நிர்மல் தன் மனைவிக்கு எடுத்துக்கொண்டார். தையல் மிஷினையும் சில பாத்திரங்களையும் சாவித்ரி தன் கடை வாசலில் வைத்து வந்த விலைக்கு விற்றுக் கொடுத்தாள். வெறும் அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரர் எடை போட்டு, தள்ளுவண்டியில் இரண்டு நடை அடித்தார். அவர் முழங்கால் உயரத்துக்கு அடுக்கிக் கயிறு கட்டுவதைப் பிரபா மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ரொம்ப நேரம் வெட்கப்படவும் தெம்பில்லை.

மஹிமா வந்து, தன் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மா, நீ எதுவுமே மாத்தலியே, அப்படியே வச்சிருக்க," என்றாள். பத்மநாபன் பிரபாவைப் பார்த்தார். அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை மஹிமா கவனிக்கவில்லை. அஷ்டமி அன்று மூவரும் பக்கத்துப் பந்தல் வரைக்கும் நடந்தார்கள். பத்மநாபனுக்கு அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவசரம் யாருக்கும் இல்லை. அன்று இரவு பிரபா மகளிடம் தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள். மஹிமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன்னிடமும் பூனாவில் ஒரு அலமாரி முழுக்கச் செருப்பு இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

மகளை ரயிலேற்றிவிட்ட அடுத்த நாளே ஆபீஸ் திறந்துவிட்டது. விடுமுறைக்குச் சேர்ந்து கிடந்த பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் காகிதம் அடிக்க வேண்டியிருந்தது. மாலை ஆறு மணிக்கு பிரபா வீட்டுக்குள் நுழைந்தபோது கண் எரிந்தது. பஸ்ஸிலிருந்தே ஒரு சாய்வு நாற்காலி அவள் மனதில் இருந்தது. காலை நீட்டிக்கொள்ளத் தனியாக ஒரு பலகை வைத்த நாற்காலி. கேட்கலாம் என்று பார்த்தால் பத்மநாபன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. சரி, அதற்குள் மஹிமா கட்டிலின் விரிப்பை எடுத்துத் துவைக்கப் போடலாம் என்று உள்ளே போனாள். குனிந்து விரிப்பின் ஒரு முனையை இழுத்தவள், ஒரு நிமிஷம் என்று கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள்.

எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று தெரியவில்லை. கூடத்தில் போன் மணி அடித்து நின்றதுதான் அவளை லேசாக எழுப்பியது. அறை இருட்டியிருந்தது. யாரோ அவள்மேல் போர்த்தியிருந்தார்கள், கோணலாக, ஒரு கால் வெளியே தெரிய.

"ஆமா சாவித்ரி," என்று பத்மநாபன் சொல்வது கேட்டது. ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல். "தூங்கறா. இல்ல, எழுப்ப மாட்டேன். சாப்பாட்டுக்கு... காலைல வச்ச சாதம் இருக்கு. மோர் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

பிரபா வெளியே இருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள்.